குதிரைக்கு ஆறு பல்தான்

அந்தப் பெண்குதிரைக்கு ஏழு வயது என்று மாட்டு டாக்டர் சொன்ன நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு குளிர்ந்துவிடும். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இதை ஒருமுறை என் மனைவியிடமே சொல்லித் தொலைத்துவிட்டேன். இரண்டு நாளைக்கு எனக்கு ஆறிப்போன சோறுதான் கிடைத்தது.

அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சங்ககிரி ரயிலடியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படும் பஸ் திருச்செங்கோடு வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு மேட்டிலும் நின்றுவிடும். சீட்டு வாங்கியவர்கள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். வேட்டியெல்லாம் கரியாகி வீடு போய்ச் சேர்ந்தவர்கள் மறுபடியும் ஜட்கா வண்டியைத் தேட ஆரம்பித்தார்கள். மூலையில் கிடந்த ஜட்காக்களெல்லாம் அச்சுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தன.

அதே வருஷம்தான் என் அக்காள் வீட்டுக்காரர் கிணற்றில் கவலை ஓட்டும்போது விழுந்தார். காளைகள் சரிவில் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரைத் தோல் சாலில் மேலே இழுக்கும்போது ஓட்டுகிறவர் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து போவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் உட்கார்ந்திருந்தபோது வடம் அறுந்துவிட்டது. உயிர் தப்பியது பெரிய காரியம். ஆனால் வலது முழங்கால் அதற்கப்புறம் மடங்கவே இல்லை. ஏர் ஓட்டவும் முடியாது, கவலை இறைக்கவும் முடியாது. இரண்டு பெண் குழந்தைகள். காட்டைப் பங்காளியிடம் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டுவிட்டு மனிதர் கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன்.

"மாப்ளே, காலை நீட்டி உக்காந்துக்கிட்டே பொழைக்கற பொழப்பு ஒண்ணு இருக்குது. ஜட்கா. திருச்செங்கோட்டுல பழைய வண்டி ஒண்ணு பாத்து வெச்சிருக்கறேன். குதிரைதான் வேணும். நீதான் வந்து பல்லுப் பாத்துக் குடுக்கோணும்," என்றார்.

அவர் என்னைக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் குடும்பம் மாட்டுத் தரகுக் குடும்பம். சுற்றுப்பட்டில் யார் மாடு பிடிக்கப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். மாட்டின் உதட்டை நீக்கி ஒரு பார்வை பார்த்தால் எனக்குப் போதும். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடைசியில் எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்த மாடு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்வேன். அந்த வயதில் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவில்லை. மாட்டுக்கும் குதிரைக்கும் வாய் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டு, "அதுக்கென்னுங்க மாமா, போலாம்," என்று சொல்லிவிட்டேன்.

கவலைக் காளைகள் இரண்டையும் கொடுத்துவிட்டுத்தான் குதிரை வாங்க முடியும். அதைத் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை. ஆடி மாதம் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு மூன்று பேராகப் போனோம். நான், மாமா, அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அக்காள்.

அங்கே ஒரு பழுப்பு நிறப் பெண்குதிரை அக்காளுக்குப் பிடித்துவிட்டது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், பெரிய மனிதத் தோரணையில் அதன் மேலுதட்டைத் தூக்கினேன். தூக்கினதும் எனக்குத் திடுக்கென்றது. மேலேயும் பல் இருந்தது.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. பிறந்ததிலிருந்து மாட்டு வாயைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காட்டிக்கொள்ளாமல் தொண்டையைக் கனைத்துவிட்டுக் கீழ்த்தாடைக்கு இறங்கினேன். ஆறு பல். நன்றாக, பெரிதாக, ஆறே ஆறு. அதற்கு இரண்டு பக்கமும் ஈறு மொழுமொழுவென்று காலியாக இருந்தது. ஆகா, கடைப்பல் இரண்டும் முளைப்பதற்கு இடம் காத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

"ஆறு பல்லு," என்றேன்.

"ஆமாங்க, ஆறு பல்லுதானுங்க!" என்றான் குதிரைக்காரன். அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

நான் மாமாவின் பக்கம் திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "நாலு வயசு மாமா. இன்னும் கடை சேரல. ரெண்டு பல்லு மொளைக்கோணும். இன்னும் நல்லா வளரும் பாருங்க."

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கா, குதிரைக்கா, குருநாதசாமிக்கா என்று தெரியவில்லை. காளைகள் போயின. குதிரை வந்தது. பவானிப் பாலத்தைத் தாண்டிக் குமாரபாளையம் வழியாக அதை நான் நடத்தியே கூட்டி வந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை.

வண்டி நன்றாகவே ஓடியது. சங்ககிரி ரயிலுக்கு இரண்டு நடை, மலைக்கோயிலுக்கு வருகிறவர்கள் இருந்தால் அடிவாரம் வரைக்கும் இன்னொரு நடை. மாமாவின் முகத்தில் மறுபடியும் ரத்தம் ஓடியது. மடங்காத காலை முன்னால் நீட்டிக்கொண்டு அவர் ஓட்டுகிற அழகைப் பார்த்துச் சிலர் அதுதான் ஜட்கா ஓட்டுகிற முறை போலிருக்கிறது என்று நினைத்தார்கள். அக்காள் தினமும் கொள்ளு வேகவைத்துக் குதிரைக்குத்தான் முதலில் வைப்பாள். "வளர்ற உசுரு," என்பாள். பெண்குழந்தைகளும் அதையே சொல்லிக்கொண்டு தங்கள் பங்குக் கொள்ளையும் கொண்டுபோய் அதற்கு ஊட்டும்.

மாமா இன்னொரு பழக்கமும் வைத்திருந்தார். அமாவாசைக்கு அமாவாசை குதிரையைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, வாய்க்குள் விரலை விட்டு, அந்தக் காலி ஈற்றை இரண்டு பக்கமும் தடவிப் பார்ப்பார், கடைப்பல் முட்டுகிறதா என்று. ஆரம்பத்தில் குதிரை தலையை உதறியது. அதனால் தடவி முடித்ததும் ஒரு துண்டு வெல்லம் கொடுக்க ஆரம்பித்தார். மூன்றாவது அமாவாசைக்குள் அவர் பக்கத்தில் வந்து தாடையைத் தொட்டாலே அது தானாக வாயைத் திறந்தது. "இன்னும் முட்டுலீங்க மாப்ளே," என்பார் என்னிடம். விளையாட்டுக்கு என்னை 'ங்க' போட்டுப் பேசுவார். "அவசரப்படாதீங்க மாமா, வரும்," என்பேன் நானும்.

ஐப்பசியில் லாடம் தேய்ந்துவிட்டது. புதிது அடிக்க நான் மட்டும் வண்டியை ஓட்டிப் போனேன். திருச்செங்கோட்டில் குதிரைக்கு லாடம் அடிக்கிற பாய் ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். லாடம் தட்டிக்கொண்டிருந்தபோது, பொழுது போகாமல் நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"நல்லா இறுக்கி அடிக்காதீங்க பாய். இன்னும் கடை சேராத குட்டி. குளம்பு வளரும்," என்றேன்.

பாய் சுத்தியலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கடை சேரலீங்களா?"

"ஆறு பல்லுதான் ஆச்சு. இன்னும் ரெண்டு மொளைக்கோணும்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார். "குதிரைக்கு முன்பல்லு கீழ ஆறு, மேல ஆறு, அவ்வளவுதானுங்க. அஞ்சு வயசுல வாய் நெறஞ்சு போகும். அப்பறம் இருவது வயசானாலும் அதே ஆறுதான். எண்ணிப் பாத்தா வயசு தெரியாதுங்க. தேய்மானத்துல பாக்கோணும். பல்லு மேல குழி இருக்கும், வயசாக ஆக அது மறைஞ்சுக்கிட்டே வரும். வயசைக் கொறைச்சுக் காட்டறதுக்குச் சூடு வெச்சுக் கள்ளக் குழி போடறவனும் இருக்கறான். கொண்டாங்க, நான் பாத்துச் சொல்றேன்."

அந்த மனிதர் உதவி செய்ய வந்தார். நான் செய்தது என்ன? முகம் சிவந்து, "மாட்டுத் தரகன் ஊட்டுல பொறந்தவனுக்கு நீங்க பல்லுப் பாக்கச் சொல்லித் தர்றீங்களா? லாடத்தை அடிங்க, போதும்," என்று கத்தினேன். பக்கத்தில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தவள்கூடத் திரும்பிப் பார்த்தாள். பாய் மிச்ச ஆணிகளை அடித்து முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். என் வாய்க்கொழுப்பை நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று எனக்கு அன்று சாயங்காலமே தோன்றியது. ஆனால் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. கர்வம் என்பது சும்மா வந்து உட்காருவதில்லை, கட்டில் மெத்தையோடு வந்து உட்காரும்.

வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திக் குதிரையின் வாயைத் திறந்து பார்த்தேன். அதுவும் வெல்லம் கிடைக்கும் என்று ஆசையாகத் திறந்தது. நடுவில் இருந்த பற்களின் தலை வழுவழுவென்று இருந்தது. குழியே இல்லை. ஓரத்துப் பற்கள் இரண்டில் மட்டும் கறுப்பாகக் குழி தெரிந்தது. அது சொந்தக் குழியா, சூடு போட்ட குழியா? ஏழு வயதா, பதினேழு வயதா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நானூறு மாட்டுக்கு வயது சொன்னவன் நடுரோட்டில் ஒரு குதிரையின் வாயைப் பிடித்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் குதிரை படுத்துவிடும். காளைகளும் போய்விட்டன. மாமா மறுபடியும் கட்டிலுக்குத் திரும்ப வேண்டியதுதான். மாமாவிடம் சொல்லலாம் என்று நான்கு தடவை அவர் வீட்டுக்குப் போய், நான்கு தடவையும் அக்காள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இது போதாது என்று மார்கழியில் இன்னொரு இடி விழுந்தது. ரயிலடி மேட்டில் யாருடைய கிழட்டுக் குதிரையோ முட்டி போட்டு விழுந்து, வண்டி சாய்ந்து, ஒரு அம்மாளுக்குக் கை ஒடிந்துவிட்டது. அதற்கப்புறம் தண்டோரா போட்டார்கள். தை மாதம் ஜட்காக்களை எல்லாம் சந்தை மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும், மாட்டு டாக்டர் பார்ப்பார், பன்னிரண்டு வயதைத் தாண்டிய குதிரைக்கு இனிமேல் லைசென்ஸ் கிடையாது என்றார்கள்.

மாமா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நமக்கென்ன மாப்ளே, நம்முளுது இன்னும் கடையே சேரல," என்றார். எனக்கு அழுகை வராத குறை.

அந்தக் காலை வந்தது. மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நின்றன. டாக்டர் சின்ன வயதுக்காரர், தொப்பி போட்டிருந்தார், ஊருக்குப் புதிது. குதிரைகளைக் கண்டு அவருக்கே கொஞ்சம் பயம் என்று பார்த்தாலே தெரிந்தது. வாயைத் திறந்து பிடிப்பதற்கு ஒரு ஆளை வைத்திருந்தார். அந்த ஆள் யார் என்று பார்த்தேன். லாடம் அடிக்கிற பாய்.

குதிரையின் வாயும் எங்கள் பிழைப்பும் நான் சந்தியில் வைத்துக் கத்திய மனிதரின் கையில். அவர் பழி வாங்க நினைத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அனுபவமில்லாத டாக்டரின் காதில் 'கள்ளக் குழி' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்.

முதல் குதிரை பின்னங்காலில் எழும்பியது. மூன்றாவது குதிரை டாக்டரின் சட்டைக் கையைக் கவ்விக் கிழித்துவிட்டது. அவர் நான்கு அடி தள்ளி நின்றுகொண்டு, எட்ட இருந்தே பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். ஐந்தாவது குதிரையைக் கிழம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதை ஓட்டி வந்தவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு போனார்.

எங்கள் முறை வந்தது. பாய் குதிரையின் பக்கத்தில் வந்தார். என்னைப் பார்த்தார், பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார். கையைத் தாடைக்குக் கொண்டுபோனார். அவர் தொட்டதுதான் தாமதம், எங்கள் குதிரை தானாகவே வாயை அகலத் திறந்துகொண்டு நின்றது.

மைதானமே சிரித்தது. டாக்டருக்கும் தைரியம் வந்துவிட்டது. பக்கத்தில் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, வாய்க்குள் தலையை விடாத குறையாகக் குனிந்து பார்த்தார். அன்றைக்கு அவர் நிதானமாகப் பார்த்தது எங்கள் குதிரையின் வாயை மட்டும்தான்.

"ஓரத்துல குழி இருக்கே, இது நிஜக் குழிதானா?" என்று பாயிடம் கேட்டார்.

நான் பாயின் வாயையே பார்த்தேன்.

"நெசந்தானுங்க. குழியைச் சுத்தி வெள்ளை விளிம்பு ஓடுது பாருங்க. சூடு வெச்சதுக்கு அது இருக்காதுங்க. நடுப்பல்லு நாலும் தேஞ்சிருக்குது, ஓரத்துல நிக்குது. ஏழுங்க. எட்டு இன்னும் ஆகல," என்றார் பாய்.

டாக்டர் இன்னொரு முறை குனிந்து விளிம்பைப் பார்த்தார். "சரிதான். ஏழு வயசு," என்று எழுதிக்கொண்டார். விலாவைத் தட்டிப் பார்த்து, "தீனிதான் கொஞ்சம் ஜாஸ்தி. குறைச்சுப் போடுங்க," என்றார்.

அப்பாடா என்று நான் விட்ட மூச்சு பக்கத்து வண்டிக்காரருக்குக் கேட்டிருக்கும். ஏழு! ஜட்காக் குதிரைக்கு அது நல்ல வயது. இன்னும் ஐந்து வருஷம் தாராளமாக ஓடும். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. கோயில் மலையைப் பார்த்து அந்த இடத்திலேயே ஒரு கும்பிடு போட்டேன். இனி மாமாவிடம் எதையும் சொல்லவே வேண்டாம், விஷயம் அப்படியே அமுங்கிவிடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மாமா வண்டியிலிருந்து குனிந்து டாக்டரைக் கேட்டார்.

"ஏனுங்க சாமி, அந்த ரெண்டு கடைப்பல்லும் எப்ப மொளைக்குமுங்க?"

டாக்டர் விழித்தார். "எந்தக் கடைப்பல்?"

"நம்ம மாப்ள சொன்னாப்லயுங்க. இன்னும் ரெண்டு வரோணும்னு. நானும் மாசாமாசம் தடவிப் பாக்கறேன், முட்டவே மாட்டேங்குது."

வரிசையில் இருந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பாயும் திரும்பினார். அவர் வாயைத் திறக்கப் போனார். என்னைக் காப்பாற்றத்தான் ஏதோ சொல்ல வந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மொளைக்காதுங்க மாமா," என்றேன் நானே. "குதிரைக்கு ஆறு பல்லுதான். எனக்கு மாட்டுப் பல்லுதான் தெரியும், குதிரைப் பல்லுத் தெரியாது. தெரியாமத்தான் வாங்கிக் குடுத்தேன். பாய் அப்பவே சொன்னாரு, நாந்தான் அவரைப் பேசக்கூடாத பேச்சுப் பேசிப்போட்டேன். மூணு மாசமா உங்ககிட்டச் சொல்றதுக்குத் தைரியமில்லாம இருந்தேன்."

சிரிப்பு எழுந்தது. எழட்டும் என்று நின்றேன். நான் மாமாவின் முகத்தைத்தான் பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடிவாளத்தை மடியில் போட்டுவிட்டு, என் பக்கம் குனிந்து, பயபக்தியோடு ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப இது வளந்து முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா."

"இதுக்கு மேல வளராதா?"

"ஒரு விரக்கடைகூட வளராது."

"அடேயப்பா!" என்று மாமா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "இத்தனை நாளா நான் தூங்குலடா மாப்ளே! இன்னும் வளரும், நல்லா வளரும்னு நீ சந்தையில சொன்னயா? குதிரை பூட்டற இந்தச் சட்டக்கட்டை ரெண்டும் இப்பவே இதுக்கு அளவா இருக்குது. இன்னும் வளந்தா உள்ளாற நிக்க முடியாதே, வேற வண்டிக்கு எங்க போவேன்னு தெனமும் சட்டத்தை முழம் போட்டுப் பாப்பேன். உன்னக் கேக்கலாம்னா, இத்தனை நல்ல குதிரை புடிச்சுக் குடுத்தவன் மனசு சங்கடப்படுமேன்னு கேக்கல."

என் பயத்தை நான் அவரிடம் மறைத்தேன். என் வாயால் வந்த இன்னொரு பயத்தை அவர் என்னிடம் மறைத்திருக்கிறார். குதிரை கிழமோ என்று நான் நடுங்கியபோதெல்லாம் அது வளர்ந்துவிடுமோ என்று அவர் நடுங்கியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாய்தான் முதலில் சிரித்தார். ஐப்பசியில் சிரிக்காமல் வைத்திருந்ததையும் சேர்த்துச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உடுங்க, உடுங்க," என்றார். நான் விடவில்லை.

அன்று அக்காளிடம் செய்தியைச் சொன்னதும், "தீனியைக் கொறைக்கச் சொன்னாங்களா? அதென்ன, டாக்டர் ஊட்டுக் கொள்ளா?" என்று கேட்டுவிட்டு, எப்போதும் போலப் பாத்திரம் நிறைய அள்ளி வைத்தாள்.

அடுத்த அமாவாசைக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா குதிரையைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துவிட்டு, வாய்க்குள் விரலை விட்டு ஈற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அதான் மொளைக்காதுன்னு தெரிஞ்சு போச்சேங்க மாமா, இன்னும் எதுக்கு?" என்றேன்.

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்," என்றார் மாமா. "அது வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குதே, அதுக்கு யாரு சொல்றது?"

இரண்டு பக்கமும் தடவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து வெல்லத்தை எடுத்தார்.